எரியுதாம்மா என்று நீ கேட்ட காலை

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். அவசரம் என்கிறேனே தவிர, ஆறு வருஷமாக இதை எழுதாமல் வைத்திருந்தவள் நான்தான். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ சாப்பிட்டாயா என்று கேட்பாய், நான் சாப்பிட்டேன் என்பேன், அதற்குள் உன் கம்பெனியில் மணி அடித்துவிடும். அந்த மணி அடிக்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கிறது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்காமல் மடித்து வைத்தாலும் இது உன்னிடம் இருக்கட்டும்: உன் அப்பா செத்ததற்கு நீ காரணம் இல்லை. நான்தான் காரணம். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் போன வாரம் எனக்குப் போன் செய்தாள். உனக்குத் தெரிந்திருக்காது. என்னை எடுத்த எடுப்பில் அத்தை என்று கூப்பிட்டாள். திருப்பூர்ப் பேச்சு, கேட்கவே இதமாக இருந்தது. முகூர்த்தப் புடவை நிறம் கேட்கப் போகிறாள் என்று நினைத்து உட்கார்ந்தேன். அவள் கேட்டது வேறு. "அத்தை, அவரு என்னைக் கேக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொன்னாருங்க. எங்கப்பா என்னாலதான் செத்தாரு, அதைத் தெரிஞ்சுக்கிட்டு சம்மதம் சொல்லுன்னாரு. நிசமாங்க?" என்றாள். அவளே தொடர்ந்தாள். நீ இன்னும் வண்டி வாங்க மாட்டேன் என்கிறாயாம். பஸ்ஸில்தான் போவாயாம். சாலையோரம் நடக்கும்போது சிக்னலில் நிற்கிற வண்டிகளின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வருவாயாம். எவனுக்காவது விளக்கு எரியவில்லை என்றால், அவளை அப்படியே நிறுத்திவிட்டு ஓடிப்போய், அண்ணே உங்க பிரேக் லைட் எரியல என்று சொல்லிவிட்டு வருவாயாம். ஒருத்தன் உன்னைத் திட்டிவிட்டானாம். நீ சிரித்துக்கொண்டு திரும்பி வந்தாயாம். அதைச் சொல்லும்போது அந்தப் பெண் அழுதாள். நான் அழவில்லை. எனக்கு அழுகிற யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

இதை மூடிய கடிதமாக அனுப்பினால் நீ படித்துவிட்டு, மடித்து, பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, அம்மா பாவம் என்று சும்மா இருந்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால் நாலு பிரதி எடுக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று அவளுக்கு, ஒன்று உன் அப்பாவுடைய அக்காவுக்கு. இன்னொன்றை நம் துறைமுகத்தில் ஏலம் விடும் கொட்டகையில், ஐஸ் வண்டி வரும் நேரம் எழுதி ஒட்டுகிற பலகையில் ஒட்டப்போகிறேன். உன்னை நாலு பேர் நடுவில்தான் குற்றம் சொன்னார்கள். அந்த நாலு பேரும் படிக்கட்டும்.

அந்தக் குட்டியானை வண்டி வீட்டுக்கு வந்தபோது நீ ஐ.டி.ஐ.யில் சேர்ந்திருந்தாய். உன் அப்பா படகை விட்டு இறங்கி, மீன் லோடு அடிக்க ஆரம்பித்த புதிது. கடலில் இருபது வருஷம் கிடந்த மனுஷன் வண்டியையும் படகு மாதிரியே வைத்திருந்தார். துறைமுகத் தண்ணீரை வாரி ஊற்றிக் கழுவுவார். உப்புத் தண்ணீர் ஊற்றினால்தான் கவிச்சி போகும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் நானும் இருந்தேன். ஐஸ் உருகி ஒழுகுகிற தண்ணீர் ஒரு பக்கம், நாங்கள் ஊற்றுகிற கடல் தண்ணீர் ஒரு பக்கம், ஆறே மாதத்தில் வண்டியின் பின்பக்கம் துருவேறிச் செம்பருத்தி நிறத்துக்கு வந்துவிட்டது. அப்போதுதான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக மினுக்கும். இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து துடிக்கும். உன் அப்பா மூன்று முறை பல்பு மாற்றினார். நான் அம்மனுக்கு எலுமிச்சம்பழம் கட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

நீ வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாய். பல்பு நன்றாகத்தான் இருக்கிறது, கரண்ட் போன வழியில் திரும்ப முடியாமல் அடுத்த பல்பு வழியாகச் சுற்றிப் போகிறது, அதனால்தான் எல்லாம் சேர்ந்து மினுக்குகிறது என்றாய். எர்த் போய்விட்டது என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். உனக்கு விளக்கிச் சொல்வதில் ஒரு ஆசை. வண்டிக்கு அடியில் படுத்து, விளக்குக்குப் பின்னால் தகட்டில் முடுக்கியிருந்த கறுப்பு வயரைக் காட்டினாய். முனை பச்சை பூத்து, தொட்டால் உதிர்ந்தது. அதை வெட்டி, தகட்டை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, புது முனை வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் அப்பினாய். அன்றைக்குச் சரியான விளக்கு அப்புறம் கெடவே இல்லை. உன் அப்பா பெருமையை வெளியே காட்ட மாட்டார். துறைமுகம் முழுக்கப் போய், எம்புள்ள ஒரு வயர மாத்துனான், மூணு பல்பு காசு தண்டம் என்று எல்லாரிடமும் குறைப்பட்டுக்கொண்டு வந்தார். அதுதான் அவர் பெருமைப்படுகிற விதம்.

அதற்கப்புறம் வண்டியின் மின்சார வேலை எல்லாம் உன் கைக்கு வந்தது. காரைக்காலில் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்ததும் சொல்லவே வேண்டாம். பிரேக் லைட்டைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே மிதிக்க வேண்டும், ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். உனக்கு அந்த இரண்டாவது ஆள் நான். மீன் வெட்டிக்கொண்டிருந்தாலும் கையைக் கழுவாமல் ஓடி வந்து பின்னால் நிற்பேன். நீ மிதித்துவிட்டு உள்ளிருந்து "எரியுதாம்மா?" என்பாய். நான் "எரியுது" என்பேன். "ரெண்டு பக்கமுமா?" என்பாய். ஒரு தடவை விளையாட்டுக்கு, இல்லப்பா ஒரு பக்கம்தான் என்று சொன்னேன். நீ வயரை எல்லாம் பிரித்துப் போட்டு அரைமணி நேரம் தேடினாய். நான் சிரித்ததும் உனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ சொல்றத வச்சுத்தாம்மா நான் பாக்கணும். எனக்குக் கண்ணு பின்னாடியா இருக்கு?" என்றாய். விளையாட்டை அன்றோடு விட்டேன். அந்த வார்த்தை மட்டும் என்னை விடவில்லை.

அடுத்து வந்தது அந்தப் பிரேக் மிதித் தொல்லை. உன் அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று பெட்டி இறக்கிவிட்டு, சொட்டச் சொட்ட வெறுங்காலோடு வண்டியில் ஏறுவார். காலில் இருந்து உப்புத் தண்ணீர் வடிந்து வடிந்து பிரேக் மிதியின் அச்சு துருப்பிடித்துவிட்டது. மிதித்து விட்டால் அது முழுதாக மேலே வராது. ஒரு விரற்கடை தொங்கிக்கொண்டு நிற்கும். மேலே இருக்கிற ஸ்விட்ச் அதை இன்னும் மிதித்திருப்பதாக நினைத்துக்கொண்டு பின்னால் விளக்கை எரியவிட்டுக்கொண்டே இருக்கும். மீன்பிடித் தடைக்காலத்துக்கு முந்தைய வாரம் அப்படி எரிந்து எரிந்தே துறைமுகத்தில் பேட்டரி இறங்கிவிட்டது. லோடு ஏற்றி முடித்துச் சாவியைத் திருப்பினால் வண்டி டக் என்று ஒரு சத்தம் போட்டு அடங்கிவிட்டது. ஆறு பேர் தள்ளினார்கள். இறால் முழுக்கச் சுருண்டு கெட்டுப்போயிற்று. மற்ற வண்டிக்காரர்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நான் மானத்துக்குப் பயந்தவள், தம்பி. பின்னால் நடந்ததெல்லாம் அந்தச் சிரிப்புக்குப் பயந்து நடந்ததுதான்.

தடைக்காலம் முடிந்து படகுகள் முதன்முதலாகக் கரை திரும்பிய நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் நீ மிதியைக் கழற்றித் துரு சுரண்டி எண்ணெய் விட்டாய். முக்கால்வாசி சரியாகிவிட்டது, ஸ்பிரிங் மாற்றினால்தான் முழுதாகச் சரியாகும், திங்கட்கிழமை வாங்கி வருகிறேன் என்றாய். அன்றும் மிதித்தாய், கேட்டாய், நான் சொன்னேன். ராத்திரி நின்றபடியே விளக்கு எரிந்து பேட்டரி இறங்கிவிடப் போகிறதே என்று ஸ்விட்சுக்குப் போகிற வயரைப் பிடுங்கிவிட்டாய். என்னைக் குனியச் சொல்லி, மிதி தொங்கினால் கால்விரலால் மேலே தூக்கிவிடு, அப்படியும் நிற்கவில்லை என்றால் இந்த வயரை இழுத்துவிடு, கிளம்புவதற்கு முன்னால் மாட்டிவிட வேண்டும் என்று காட்டினாய். மாட்டிவிட வேண்டும் என்பதை இரண்டு தடவை சொன்னாய்.

மறுநாள் சனிக்கிழமை. திருநள்ளாற்றுக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்காக உங்கள் பட்டறையை ஆறு மணிக்கே திறப்பார்கள். நீ விடிவதற்குள் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு வண்டிக்குள் குனிந்து வயரை மாட்டினாய். மிதித்தாய். கேட்டாய். நான் பதில் சொன்னேன். அப்புறம் என்னிடம் டீ வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, சூடு போதவில்லை என்று மீதியை வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாய். இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த டம்ளரை நான்தான் கழுவினேன்.

துறைமுகத்தில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தோம். உன் அப்பா ஐஸ் உடைக்கிற இடத்துக்குப் போயிருந்தார். நான் பின்னால் பெட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது விளக்கு சிவப்பாக எரிந்தது. போய் மிதியைத் தூக்கிவிட்டேன், அணைந்தது. அடுத்த பெட்டி ஏறியதும் வண்டி குலுங்கி மறுபடியும் எரிந்தது. பக்கத்து வண்டிக்காரன் பார்த்துவிட்டு, "என்னக்கா, இன்னைக்கும் தள்ளணுமா?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. கையில் மீன் வழவழப்போடு கதவைத் திறந்து, குனிந்து, அந்த வயரை இழுத்துவிட்டேன். உன் அப்பா வண்டி எடுக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் கணவாய் மீன் ஏலத்துக்கு வந்துவிட்டது. ஒரு பெட்டிக்காக ஒருத்தனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா கிளம்பும்போது எப்போதும் போல இரண்டு ஹாரன் அடித்தார். நான் திரும்பாமல் கையை மட்டும் ஆட்டினேன். அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, தம்பி. அந்தக் கணவாய்ப் பெட்டியும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏலம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. உடனே போன் போட்டேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்க மாட்டார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை வேறு யாரோ எடுத்தார்கள். கோட்டுச்சேரி தாண்டி, ஆடு குறுக்கே வந்ததற்குப் பிரேக் அடித்திருக்கிறார். பின்னால் வந்த லாரி இடித்து, வண்டியைப் புளியமரத்தோடு சேர்த்துவிட்டது. லாரிக்காரன் தலையில் கைவைத்து உட்கார்ந்து, விளக்கு எரியலைங்க, எரிஞ்சிருந்தா நின்னுருப்பேன் என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னானாம். வண்டிக்குள் எட்டிப் பார்த்த நம் ஆட்கள், ஸ்விட்ச் வயர் கழன்று தொங்கியதைப் பார்த்தார்கள். அந்தச் சேதி உன் அப்பாவின் உடலுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. முந்தின நாள் நீ வண்டியில் வேலை பார்த்ததைத் தெருவே பார்த்திருந்தது. உன் பெரிய அத்தை மார்பில் அடித்துக்கொண்டு, "படிச்ச புள்ள கைய வச்சான், எந்தம்பி போயிட்டான்" என்று வாசலில் விழுந்தாள்.

நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் குந்தினாய். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் நீ என்னிடம் மட்டும்தான் கேட்டாய். "அம்மா, காலைல நான் மாட்டுனேன்ல? எரியுதான்னு கேட்டேன்ல? நீ எரியுதுன்னு சொன்னல்ல?"

நான் சொன்னேன். "அது நேத்து சாயங்காலம்பா."

நீ என் முகத்தையே பார்த்தாய். பிறகு உன் கைகளைப் பார்த்தாய். "ஆமாம்மா, நேத்துதான்" என்றாய். என்னைச் சந்தேகப்பட வேண்டும் என்றுகூட உனக்குத் தோன்றவில்லை. உன் நினைவைத்தான் சந்தேகப்பட்டாய். எழுந்து உன் அத்தையிடம் போய், காலைத் தொட்டு, நான்தான் மாட்ட மறந்துவிட்டேன் என்று நீயே சொன்னாய். அவள் உன்னை அடித்தாள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஆறு வருஷமாக யோசித்துவிட்டேன். நல்ல காரணம் ஒன்றும் அகப்படவில்லை. பயம், அவ்வளவுதான். தாலி கழுத்தில் இருக்கும்போதே, தாலியை இவளே அறுத்துக்கொண்டாள் என்று அந்த வாசல் சொல்லிவிடுமே என்ற பயம். உனக்கு வயசு இருக்கிறது, நீ தாங்கிக்கொள்வாய், நான் தாங்க மாட்டேன் என்று ஒரு கணக்குப் போட்டேன். பெற்றவள் போடுகிற கணக்கா அது? பதினாறாம் நாள் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பதினாறாம் நாள் நீ உன் ஸ்பேனர், டெஸ்ட் லைட் எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பட்டறை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தாய். வெளியூர் வேலைக்குப் போகட்டும், மனசு ஆறட்டும் என்று இருந்தேன். முதல் தீபாவளிக்கு வரும்போது சொல்லலாம் என்று இருந்தேன். நீ வரவே இல்லை. வராததும் எனக்கு வசதியாகப் போயிற்று. இப்படித்தான் ஆறு வருஷம் ஓடியது. ஒரு பொய்யைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆனது. அதைக் காப்பாற்ற உன் இருபத்தொரு வயசில் இருந்து இருபத்தேழு வயசு வரை செலவாகிவிட்டது.

நேற்று இந்தக் கடிதத்தை இதுவரை எழுதிவிட்டு உன் பெரிய அத்தை வீட்டுக்குப் போய் அவளுக்குப் படித்துக் காட்டினேன். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். படித்து முடிக்கிற வரை அசையவில்லை. பிறகு, "ஆறு வருசமா அந்தப் புள்ள என் வாசப்படி ஏறலையேடி" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உன் கல்யாணத்துக்கு அவள் வருவாள். அதை மட்டும் எனக்குத் தெரிகிற மாதிரி, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சத்தமாகச் சொன்னாள்.

கல்யாணம் கட்டப் போகிற பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டும். என் யோக்கியதைக்கு இரண்டு மூன்று சொல்லலாம். அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியதை வண்டி கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிடு. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று வைக்காதே. அவள் வழியனுப்பும்போது நீயும், நீ வழியனுப்பும்போது அவளும் திரும்பி முகத்தைப் பாருங்கள். நீ ஒன்றைச் செய்தேன் என்று உன் மனசுக்குத் தெரிந்தால், எதிரில் இருப்பது பெற்ற தாயாகவே இருந்தாலும் அதை விட்டுக்கொடுக்காதே. நீ விட்டுக்கொடுத்தது என்மேல் இருந்த நம்பிக்கையால். அந்த நம்பிக்கைக்கு நான் செய்தது உனக்கு இப்போது தெரிந்துவிட்டது. ஒரு வண்டியும் வாங்கிக்கொள். உனக்கு அதைப் பார்த்துக்கொள்ளத் தெரியும். உன்னைப் போல் பார்த்துக்கொள்கிறவன் துறைமுகத்தில் இதுவரை வரவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதி எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். அதைக் கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், எனக்கு அது பயமாக இருக்கிறது. பத்திரிகையில் என் பெயரைப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். கூப்பிட்டால் பின் வரிசையில் வந்து உட்காருவேன். கூப்பிடாவிட்டால் அன்றைக்குத் துறைமுகத்துக்குப் போகாமல் வீட்டில் இருப்பேன்.

அன்றைக்கு வாசலில் எல்லார் முன்னாலும் நீ கேட்டதற்குத்தான் இந்தக் கடிதம் முழுக்கப் பதில் எழுதியிருக்கிறேன். அதை இவ்வளவு நீளமாக எழுதத் தேவையே இல்லை. சனிக்கிழமை விடிகாலை, நீ ஈரத்தலையோடு உள்ளே உட்கார்ந்து மிதியை மிதித்துவிட்டு, எரியுதாம்மா என்று கேட்டாய். நான் பின்னால்தான் நின்றிருந்தேன். எரிந்தது, தம்பி. இரண்டு பக்கமும் எரிந்தது. நான் பார்த்தேன்.